துழாவாத பானையில் பதம் பார்க்காதீர்கள்

போன வாரம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். வந்திறங்கிய பிராக்கெட் பெட்டியைத் திறந்த இன்ஸ்பெக்டர், மேலாகக் கிடந்த ஐந்து பீஸை எடுத்து கேஜில் வைத்துப் பார்த்தார். "லாட் ஓகே" என்று முத்திரை குத்தினார். அடியிலிருந்தும் நாலு எடுத்துப் பாருங்கள் என்றேன். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம் சார். நம்ம பாட்டிக்குத் தெரியாததா?" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் அடியில் இருந்தவை லைனில் பொருந்தாமல் திரும்பின. இரவு ஷிப்டில், டூல் தேய்ந்த பிறகு அடித்த பீஸ்கள் அவை.

பாட்டிக்கு எல்லாம் தெரியும். தெரியாதது நமக்குத்தான். அவள் பானையில் ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. அப்படியிருந்தும் அகப்பையை அடிவரை விட்டுத் துழாவிய பிறகே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நாம் அகப்பையை வீசிவிட்டுப் பருக்கையை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்தப் பெட்டியில் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் கலந்திருந்தன. மூன்று பிரஸ், இரண்டு காயில். அதை யார் துழாவினார்கள்?

இப்படிக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "அப்போ நிறைய எடுத்தாப் போச்சு." இதைச் சொல்பவர்களுக்கு 1936-ஐ நினைவூட்ட வேண்டும். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ், யாருக்கு வாக்கு என்று கேட்டு ஒரு கோடி அட்டைகளை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் வாங்கி வெல்வார் என்றது இதழ். ஆனால் அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். சுமார் 50,000 பேரைக் கேட்ட கருத்துக்கணிப்பாளர் கேலப், வெல்பவர் யார் என்று சரியாகச் சொன்னார். 24 லட்சம் சோறு எடுத்தும் பதம் தெரியவில்லை!

காரணம் என்ன? முகவரிகள் முக்கியமாகத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை. பொருளாதாரம் சரிந்து கிடந்த காலத்தில் கார் வைத்திருந்தவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வாய் திறக்கவில்லை. ஒரகடத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறந்ததிலிருந்து இந்த ஊர் கார் செய்கிறது. செய்கிற கைகள் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகின்றன. கார் பதிவேட்டை வைத்துக்கொண்டு இங்கே கருத்துக் கேட்டால் ஒரகடத்தின் உழைப்பாளி எளிதில் அகப்படமாட்டார். ஒரு கோடியல்ல, 24 கோடி அட்டை போட்டாலும் அகப்படமாட்டார்.

இதே கண்ணால்தான் மனிதர்களையும் அளக்கிறோம். வடநாட்டுப் பையன் ஒருவன் வாடகை பாக்கி வைத்து ஓடிவிட்டான், ஒரு சோறு பதம், இனி அவர்களுக்கு வீடு கிடையாது என்கிறார் ஒரு வீட்டுக்காரர். பீகாரும் ஒடிசாவும் அசாமும் ஒரே பானையா? வாடகையை முதல் தேதியே கொடுத்துவிட்டுப் போன பையன்கள் ஏன் அவருக்குச் சோறாகத் தெரியவில்லை? "உள்ளூர்ப் பசங்க உடம்பை வளைச்சு வேலை செய்ய மாட்டாங்க" என்கிற மேனேஜர்களும் இந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான். "தொழிலாளர்கள் மகிழ்ச்சி" என்று அறிக்கை எழுதும் அலுவலகங்களைக் கேட்கிறேன்: படிவம் யாருக்குக் கொடுத்தீர்கள்? நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும். காண்டிராக்ட்காரரும் டிரெய்னியும் கேட்டுக்கு வெளியிலா வேலை செய்கிறார்கள்? லிட்டரரி டைஜஸ்ட் தெரியாமல் விட்டது. நீங்கள் தெரிந்தே விடுகிறீர்கள்.

பள்ளிக்கூடத்தையும் சும்மா விட முடியாது. புள்ளியியல் பாடத்தில் முழுமைத் தொகுதி (population) என்றால் என்ன, கூறு (sample) என்றால் என்ன என்று பிள்ளைகள் வரையறையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். யாரைப் பற்றிப் பேசப் போகிறோம், அவர்களில் யாருக்கு நம் கையில் அகப்படும் வாய்ப்பே இல்லை என்று கேட்க எந்த வகுப்பும் பழக்குவதில்லை. அந்தக் கேள்வி தெரியாத பிள்ளைதான் பிறகு இன்ஸ்பெக்டராகி மேலாக ஐந்து எடுக்கிறது.

இத்தனைக்கும் நம் வயலிலேயே சரியான வழி இருக்கிறது. நெல் விளைச்சலைக் கணக்கிடும் பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி அறுப்பார்கள். சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். நன்றாக விளைந்த மூலையை விவசாயியோ அதிகாரியோ தேர்ந்தெடுக்க முடியாது. வரப்போரச் சதுரத்துக்கு இருக்கும் வாய்ப்பே நடுவயல் சதுரத்துக்கும் உண்டு.

வயலுக்குக் கொடுத்த அந்த நியாயத்தைத் தொழிற்சாலைப் பெட்டிக்கும் கொடுங்கள், காண்டிராக்ட் தொழிலாளிக்கும் கொடுங்கள், வாடகைக்கு வீடு தேடி அலையும் பையனுக்கும் கொடுங்கள். அகப்பை அடியைத் தொட்ட பிறகு பழமொழி பேசலாம்.