பெருகும் மருத்துவ இடங்கள்: மீண்டு வருவோருக்கு வழி உண்டா?

புதுதில்லி: மருத்துவக் கல்வி இடங்களைப் பெருக்குவதில் மத்திய அரசு காட்டும் வேகம், தடுமாறி எழும் மாணவர்களைக் கைதூக்கிவிடுவதில் காணப்படவில்லை. 5,000 முதுநிலை இடங்களையும் 5,023 எம்.பி.பி.எஸ். இடங்களையும் கூடுதலாக உருவாக்க மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. அதே மாதத்தில், புதிய மருத்துவக் கல்லூரிகளில் பத்தினைத் தனியார் பங்களிப்புடன் நடத்த ஆந்திர அரசு முடிவெடுத்தது. தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் இதைப் பெரும் மோதலாக்கின. ஆனால், இரு தரப்பின் கணக்கிலும் வராத மாணவர்கள் இருக்கிறார்கள். தேர்வில் தோற்று, மதுவுக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையாகி, சிகிச்சையால் மீண்டு, உயர் சிறப்புப் பிரிவில் சேர முயல்பவர்கள் அவர்கள்.

தமிழக எல்லையை ஒட்டிய சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இந்தப் பிரச்னையை எடைபோட ஏற்ற களம். திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரி 1960 முதல் இயங்குகிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் உருவான "ஸ்விம்ஸ்" மருத்துவப் பல்கலைக்கழகமும், அதன்கீழ் பெண்களுக்கான பத்மாவதி மருத்துவக் கல்லூரியும் அதே நகரில் உள்ளன. சித்தூரில் அப்பல்லோ மருத்துவக் கல்லூரியும், முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் தொகுதியான குப்பத்தில் பி.இ.எஸ். கல்லூரியும் இருக்கின்றன. ஆண்டுதோறும் இவற்றிலிருந்து வெளிவரும் இளம் மருத்துவர்களில் பெரும்பாலோரின் அடுத்த இலக்கு முதுநிலை நீட் தேர்வுதான்.

அரியர் தடையல்ல, காலமே தடை: எம்.பி.பி.எஸ். படிப்பில் அரியர் வைத்தவருக்குக் கதிரியக்கவியலோ, தோல் மருத்துவமோ, பொது மருத்துவமோ எட்டாக்கனி என்பது பரவலான எண்ணம். விதிமுறைகள் அப்படிச் சொல்லவில்லை. இளநிலை மதிப்பெண் முதுநிலைத் தரவரிசையில் சேர்க்கப்படுவதில்லை. 200 வினாக்கள், 800 மதிப்பெண்கள் கொண்ட ஒரே தேர்வுதான் தரவரிசையை முடிவு செய்கிறது. 2025-ல் இத்தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 2.4 லட்சத்துக்கும் மேல். முந்தைய தோல்விகள் இங்கே கணக்கில் இல்லை என்பது மீண்டு வருபவருக்குச் சாதகமான அம்சம்.

சிக்கல் அதற்கு முன்பே தொடங்குகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகள் மட்டுமே. சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடித்தாக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் இதற்கு விலக்கில்லை என்கிறது விதி. போதை மீட்புச் சிகிச்சையில் கழியும் மாதங்களும் இந்த ஒன்பது ஆண்டுகளில்தான் அடங்கும். சிகிச்சைக்குப் போனால் காலம் கரையும். போகாவிட்டால் நோய் முற்றும். இந்த இருதலைக்கொள்ளி நிலையில் பலர் நோயை மறைப்பதையே தேர்ந்தெடுப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

சட்டம் பக்கத்தில், நடைமுறை தூரத்தில்: சட்டம் இத்தகையவர்களுக்கு எதிரானதல்ல. 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் தவறான பயன்பாட்டுடன் தொடர்புடைய மனநிலைகளையும் மனநோயின் வரையறைக்குள் கொண்டு வந்தது. சிகிச்சை விவரங்களின் ரகசியத்தைக் காப்பதற்கும் அது உறுதியளிக்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை பெறும் அடிமைகளுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவும் இடம் தருகிறது.

ஆயினும், நாட்டில் சிகிச்சை எட்டும் தூரம் மிகக் குறைவு. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. ஆந்திர அரசியலிலும் மது என்பது நோயாக அல்ல, வாக்குறுதியாகவே பேசப்படுகிறது. 1995-ல் என்.டி. ராமராவ் மதுவிலக்கு கொண்டு வந்தார். அது 1997-ல் தளர்த்தப்பட்டது. 2019-ல் ஜெகன்மோகன் ரெட்டி படிப்படியான மதுவிலக்கு என்றார். 2024-ல் சந்திரபாபு நாயுடு அரசு 99 ரூபாய் மதுவை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு கஞ்சாவை ஒடுக்க "ஈகிள்" என்ற தனிப்படையும் அமைக்கப்பட்டது. மீட்புச் சிகிச்சை எந்தக் கட்சிக்கும் முதன்மை முழக்கமாகவில்லை.

இடம் கிடைத்த பிறகு: கடும் போட்டியில் வென்று முதுநிலை இடம் பெற்றாலும் சோதனை முடிவதில்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் அளித்த அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கூறியிருந்தனர். முதுநிலை மாணவர்களில் சுமார் 31 சதவீதத்தினருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருந்தது. வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. தொடர் பணி 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. தூக்கமின்மையும் தனிமையும் பழைய பழக்கத்துக்கு மீண்டும் கதவைத் திறக்கக் கூடியவை. பாதியில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டிய ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு 2024 ஜனவரியில் மாநிலங்களை ஆணையம் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தானே தவிர, உத்தரவல்ல.

நோயாளியின் பாதுகாப்பு: நோயாளிகளின் பக்கம் நின்று எழுப்பப்படும் கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. மயக்கவியல் போன்ற துறைகளில் வீரியமிக்க மருந்துகள் மருத்துவரின் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மீண்டவரை எந்தக் கண்காணிப்பும் இன்றி அங்கே நிறுத்துவது அவருக்கும் நல்லதல்ல, நோயாளிக்கும் நல்லதல்ல. அமெரிக்க மாநிலங்கள் இதற்கென மருத்துவர் நலத் திட்டங்களை நடத்துகின்றன. சிகிச்சை, தொடர் பரிசோதனை, பல ஆண்டுக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு உடன்படுபவர் பணிக்குத் திரும்பலாம். 16 திட்டங்களில் சேர்ந்த 904 மருத்துவர்களைப் பற்றி 2008-ல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குப் பின் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் உரிமத்துடன் பணியில் இருந்தது தெரியவந்தது. பிரிட்டனிலும் மருத்துவர்களுக்கென ரகசியச் சிகிச்சைத் திட்டம் 2008 முதல் உள்ளது.

இந்தியாவில் தேசிய அளவில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. மருத்துவப் பணியைப் பாதிக்கும் வகையில் மது, போதை பயன்படுத்துவதைத் தவறான நடத்தையாக வகைப்படுத்திய 2023-ஆம் ஆண்டு விதிகளும், வெளியான மாதமே நிறுத்திவைக்கப்பட்டன. தண்டிக்கும் விதி எழுதப்பட்ட வேகத்தில் மீட்கும் விதி எழுதப்படவில்லை.

இனி செய்ய வேண்டியது: விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி மாணவி ஒருவர் உயிரிழந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு மனநல வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மருத்துவக் கல்லூரிகளுக்கு இது தொடக்கம் மட்டுமே. சான்றளிக்கப்பட்ட சிகிச்சைக் காலத்தை ஒன்பதாண்டு வரம்பிலிருந்து கழித்தல், ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து பிரிக்கப்பட்ட ரகசியக் கண்காணிப்புடன் பணிக்குத் திரும்பும் வழி, பணி நேர வரம்புக்குச் சட்ட வலு ஆகிய மூன்றும் தேவை.

மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால் தில்லியும் அமராவதியும் ஒன்றன்மீது ஒன்று பொறுப்பைத் தள்ளிவிட முடியாது. முதல் மாற்றத்துக்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஆணையம் தன் விதியில் ஒரு திருத்தம் செய்தால் போதும். கூடுதல் இடங்களின் எண்ணிக்கையைக் கேட்கும் எம்.பி.க்கள், படிப்பை முடிக்காமல் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால் அதற்கான அழுத்தம் உருவாகும்.