முதலோடு ஒரு மூத்தவரும் வேண்டும்

கோவை அருணாசலம் முருகானந்தம் மலிவு விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கியது தமிழ்நாடே அறிந்த கதை. 1998 வாக்கில் முயற்சியைத் தொடங்கியபோது அவர் பருத்திப் பஞ்சை வைத்துத்தான் நாப்கின் செய்து பார்த்தார். பெரிய கம்பெனிகளின் நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழிலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் உதவியோடு பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, தொலைபேசிக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகே விடை கிடைத்தது. அந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் அது ரகசியமே இல்லை. ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். சொல்லக்கூடியவர் யாரும் அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

முருகானந்தம் விடாமல் நின்று ஜெயித்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். கடன் வாங்கிச் சிறுதொழில் தொடங்குகிற எல்லோராலும் அப்படிக் காத்திருக்க முடியாது. மாதத் தவணை காத்திருக்காது. அதனால்தான் புதிதாகத் தொழிலில் இறங்குகிறவர்கள் பணத்துக்கு அலைவதற்கு முன்பே, அதே தொழிலில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அப்படி ஒருவரை அறிமுகப்படுத்தி வைக்கும் பொறுப்பு, கடன் தரும் வங்கிக்கும் மானியம் தரும் அரசுக்கும் இருக்கிறது.

தமிழ் வணிகர்களுக்கு இது தெரியாத வழி அல்ல. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், பிள்ளைகளை எடுத்த எடுப்பில் முதலாளி ஆக்கிவிடவில்லை. பெட்டியடிப் பையனாகக் கடையில் உட்கார்ந்து கணக்கு பழகி, பிறகு அடுத்தாளாகி, அதற்கும் பிறகுதான் ஒருவர் கடையைப் பொறுப்பேற்று நடத்தும் ஏஜெண்டு ஆனார். ஏஜெண்டுக்கு வழக்கமாக மூன்று ஆண்டுத் தவணை. யாருக்குக் கொடுத்தால் வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்பதைக் கீழே இருந்தவர் மேலே இருந்தவரைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

திருப்பூரில் அதே பாடத்தைப் பனியன் கம்பெனிகள் நடத்தின. சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கட்டிங், தையல், அயர்னிங் என்று ஒவ்வொன்றாகப் பழகி, பின்னாளில் சொந்தமாகக் கம்பெனி வைத்ததை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சில பவர் டேபிள் மெஷின்களோடு ஜாப் வொர்க் தொடங்கியவருக்கு நூல் விலையும் பீஸ் ரேட்டும் புதிதல்ல. சாயப்பட்டறையில் துணி எத்தனை நாள் மாட்டிக்கொள்ளும் என்பதும் தெரியும். வேலை பார்த்த இடமே அவருக்குப் பள்ளிக்கூடம்.

இரண்டு ஏற்பாட்டிலும் ஒரு பெரிய குறை உண்டு. அந்த அறிவு சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும்தான் பெரும்பாலும் சுற்றிவந்தது. பெண்களுக்கு, தலித் இளைஞர்களுக்கு, அப்பாவோ மாமாவோ கடை வைத்திராத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடம் கிடைக்கவில்லை. இன்று அவர்களுக்கென்று கடன் திட்டங்கள் வந்துவிட்டன. திண்ணை இன்னும் வரவில்லை.

அது வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கென்யாவில் ஒரு சான்று இருக்கிறது. நைரோபி நகரின் டான்டோரா என்ற ஏழைக் குடியிருப்பில் சிறு வியாபாரம் செய்யும் பெண்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வகுப்பறையில் வணிகப் பயிற்சி. இன்னொரு குழுவில் ஒவ்வொருவருக்கும், அதே பகுதியில் நன்றாக வியாபாரம் செய்யும் அனுபவசாலிப் பெண் ஒருவர் துணை. மூன்றாவது குழு வழக்கம்போல இருந்தது. ஆய்வு 2018-ல் வெளியானது. மூத்தவர் துணை கிடைத்த பெண்களின் லாபம் சராசரியாக 20 விழுக்காடு கூடியிருந்தது. வகுப்புக்குப் போனவர்கள் கணக்கு எழுதுவது போன்ற சில பழக்கங்களை மாற்றிக்கொண்டார்கள். லாபம் மட்டும் கூடவில்லை. சரக்கை எங்கே மலிவாக எடுக்கலாம் என்பது போன்ற உள்ளூர்த் தகவலை மூத்தவர்கள் சொன்னதே வித்தியாசத்துக்குக் காரணம். இருவருக்கும் இடையிலான தொடர்பு விட்டுப்போகப் போக, பலனும் குறைந்துகொண்டே வந்தது.

ஆகவே என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். “தொழிலில் முன்னேற என்ன செய்யணும் அண்ணே?” என்று கேட்டால், “நல்லா உழைக்கணும் தம்பி” என்ற பதில்தான் வரும். மரச்செக்கு போட நினைப்பவர் கேட்க வேண்டியவை வேறு. நூறு கிலோ கடலைப் பருப்புக்கு எண்ணெய் எவ்வளவு இறங்கும்? புண்ணாக்கை யார் எடுப்பார்கள், என்ன விலைக்கு? எந்த மாதத்தில் கடலை வாங்கி இருப்பு வைப்பது? மளிகைக் கடைக்காரர் எத்தனை நாள் கடன் சொல்வார்? செக்குத் தொழிலில் லாபமா நட்டமா என்பதைப் புண்ணாக்கு விலையே தீர்மானிக்கும் மாதங்கள் உண்டு. திட்ட அறிக்கையில் அது ஒரு வரியாகத்தான் இருக்கும்.

சட்டமும் வரியும்கூட அப்படித்தான். தமிழ்நாட்டில் மாநிலத்துக்குள்ளேயே சரக்கு விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 1.5 கோடி வரை காம்போசிஷன் முறையில் உற்பத்தியாளரும் வியாபாரியும் 1 விழுக்காடு வரி கட்டினால் போதும். கேட்க லாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் காம்போசிஷனில் இருப்பவரிடம் வாங்கும் கம்பெனி அந்த வரிக்கு வரவு எடுக்க முடியாது. அவர் வெளிமாநிலத்துக்கும் சரக்கு அனுப்ப முடியாது. கம்பெனிகளுக்கு சப்ளை செய்ய நினைப்பவர் குறைந்த வரிக்கு ஆசைப்பட்டு ஆர்டரையே இழக்கலாம். இதில் ஒருமுறை அடிபட்டவர் முதல் சந்திப்பிலேயே எச்சரித்துவிடுவார்.

பணம் வசூலிப்பது இதைவிடச் சிக்கல். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்குக் கூட்டு வட்டி. புகார் செய்ய அரசு இணையதளமும் இருக்கிறது. இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர்மீது எப்போது புகார் போடுவது, எப்போது நேரில் போய்ப் பேசுவது, எந்த பில்லோடு அடுத்த சரக்கை நிறுத்துவது என்பதெல்லாம் சட்டத்தில் இல்லை. பத்து பார்ட்டிகளிடம் வசூல் செய்து பழகியவருக்குத் தெரியும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் தேவை. இயந்திரம் விற்பவர் ஆலோசகர் ஆக முடியாது. “மெஷின் வாங்குங்க, உற்பத்தி ஆகிற பொருளை நாங்களே எடுத்துக்கிறோம்” என்பது பல ஊர்களில் கேட்கும் வாக்குறுதி. பெருந்துறை வட்டாரத்தில் ஈமுக் கோழி நிறுவனங்கள் இதே போன்ற உறுதியைச் சொல்லித்தான் பணம் திரட்டின. 2012-ல் அவை சரிந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. ஈமு இறைச்சியையும் எண்ணெயையும் கடைசியில் காசு கொடுத்து வாங்குவது யார் என்று கறிக்கடைக்காரர் ஒருவரிடம் கேட்டிருந்தாலே பலருக்கு விளங்கியிருக்கும்.

பக்கத்துத் தெருப் போட்டியாளரும் முழுசாகச் சொல்லமாட்டார். அது மனித இயல்பு. சீனாவின் நான்சாங் நகரில் 2,820 நிறுவனங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிறு குழுக்களாக மாதம் ஒருமுறை கூடிப் பேசிய நிறுவனங்களின் விற்பனை 8.1 விழுக்காடு கூடியது. ஆனால் குழுவில் போட்டியாளர்கள் இருந்த இடங்களில், லாபம் தரும் தகவல் அவ்வளவாகப் பரவவில்லை. எனவே ஈரோட்டில் பேக்கரி தொடங்குபவர் திண்டுக்கல்லிலோ திருநெல்வேலியிலோ போய்க் கேட்கட்டும். கடையை இழுத்து மூடியவர் ஒருவரையும் கட்டாயம் பார்க்கட்டும். எந்த மாதத்தில் கை இறுகியது, எந்தக் கடன் கழுத்தைப் பிடித்தது என்பதை அவரைப்போல யாரும் சொல்ல முடியாது.

அனுபவசாலிகள் சொல்வதெல்லாம் வேதமும் அல்ல. ஆன்லைன் விற்பனையும் யுபிஐயும் வந்த பிறகு அவர்களின் சில கணக்குகள் பழசாகிவிட்டன. முடிவைத் தொழில் தொடங்குகிறவர்தான் எடுக்க வேண்டும். ஆனால் சரக்குச் சேதம், சீசன், கடன் வசூல் ஆகிய மூன்றிலும் அவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்துவது ஆபத்து.

இந்தத் துணையை ஓர் ஏற்பாடாகவே நடத்த முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமனின் மகள் லட்சுமி வெங்கடேசன், பிரிட்டனில் 1976-ல் தொடங்கிய பிரின்ஸ் அறக்கட்டளையைப் பார்த்து, 1992-ல் பாரதிய யுவ சக்தி அறக்கட்டளையைத் தொடங்கினார். வசதியற்ற இளைஞர்களுக்குத் தொழில் தொடங்க நிதி உதவியோடு ஒரு வழிகாட்டியையும் சேர்த்துக் கொடுப்பதே அதன் அடிப்படை.

தமிழக அரசு நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 விழுக்காடு, அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய் மானியம் தருகிறது. 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 விழுக்காடு, அதிகபட்சம் 1.5 கோடி. பயிற்சி வகுப்புகளும் உண்டு. அந்த வகுப்புகளோடு அதே தொழிலில் இருக்கும் ஒரு மூத்தவரையும் சேர்த்துவிட வேண்டும்.

செய்வது கடினமல்ல. முன்பு கடன் வாங்கி ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களின் பட்டியலிலிருந்து, ஒவ்வொரு மாவட்டத் தொழில் மையமும் தொழில்வாரியாக மூத்தவர்களைத் தேர்ந்தெடுக்கலாம். புதியவரை வேறு ஊர் மூத்தவரோடு ஓர் ஆண்டுக்காவது இணைக்கலாம். மூத்தவரின் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். 75 லட்சம் மானியத்தோடு ஒப்பிட்டால் அது சின்னத் தொகை. முதல் சந்திப்பு கடன் ஒப்புதலுக்கு முன்பே நடக்க வேண்டும். வங்கி மேலாளர் திட்ட அறிக்கையைப் புரட்டும்போது, அந்தத் தொழிலில் இருக்கும் எத்தனை பேரிடம் பேசினீர்கள், என்ன சொன்னார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் கோப்பில் சேர்க்க வேண்டும்.