முதல் கணினி எது?

கணினியின் சரித்திரம் கூறும் இணையதளங்கள் பல, 1946-ல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எனியாக்கே உலகின் முதல் கணினி என்று ஒரே வரியில் முடித்து விடுகின்றன. 1941-ல் பெர்லினில் கொன்ராட் ஸூஸே இயக்கிக் காட்டிய இஸட்-3 எங்கே? 1944-ல் பிரிட்டிஷார் இயக்கி, 1970-கள் வரை ரகசியமாய் வைத்திருந்த கொலோஸஸ் எங்கே? எனியாக்கின் பேடண்டு உரிமை செல்லாதென்றும், அதன் மூலக்கருத்து அட்டனஸாஃபிடமிருந்து பெறப்பட்டதென்றும் 1973-ல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்ததே, அது எங்கே? வல்லவன் சொன்னதே வரலாறு என்னும் வழக்கத்தால் விளையும் தீங்கை நம்மவர் நன்கறிவர். ‘முதல்’ என்போர் எதில் முதல் என்று கூறக் கடமைப்பட்டவர்கள். ஆதாரம் காட்டி, தேதி குறித்து, பிழை நேர்ந்தால் பகிரங்கமாகத் திருத்தும் தளமே நம்பத்தக்கது. ஏனையவை எத்துணை அழகாயிருப்பினும் சரித்திரமாகா. வெறும் விளம்பரமே என்பது நமது திடமான அபிப்பிராயம்.