கணக்கு எழுதாத பார்வை

பொத்தேரியிலும் கூடுவாஞ்சேரியிலும் ரயிலேறும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஹினாட்டா யார் என்று கேட்டுப் பாருங்கள், தாம்பரம் வரும்வரை விடாமல் சொல்வார்கள். மசாஷி கிஷிமோட்டோ 1999-இல் வரையத் தொடங்கிய ‘நருட்டோ’ மங்காவில் வரும் கூச்ச சுபாவமுள்ள சிறுமி அவள். அந்தக் கதை 2002-இல் அனிமே தொடரானது. 2022-இல் சோனி யே சேனலில் தமிழும் பேச ஆரம்பித்தது. ஊரே ஒதுக்கிவைத்த அநாதைச் சிறுவன் நருட்டோவை மரத்தின் மறைவிலும் கம்பத்தின் மறைவிலும் நின்று ஹினாட்டா பார்த்துக்கொண்டே இருப்பாள். அவன் எதிரே வந்துவிட்டால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்பாள். பேச்சு திக்கும், சமயத்தில் மயங்கியே விழுவாள். போதாததற்கு, அவள் குலத்தாருக்குச் சுவரையும் ஊடுருவிப் பார்க்கும் ‘பியாகுகான்’ என்ற கண் வேறு. ஒருவனை அவனுக்குத் தெரியாமல் இப்படிப் பார்த்துக்கொண்டே இருப்பது அன்பா, பின்தொடரும் குற்றமா? அனிமே ரசிகர்களிடையே இது ஓயாத வழக்கு.

செங்கல்பட்டு மார்க்கத்தில் தினமும் போய்வரும் பெண்களுக்கு இந்தக் கேள்வி பொழுதுபோக்கு அல்ல. 2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் 24 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருக்கு வேலை பரனூர் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில். அங்கே போகும் ரயிலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். அவரைப் பின்தொடர்ந்து வந்தவர் என்று சொல்லிக் காவல்துறை கைது செய்த இளைஞர் அதே ஆண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்தார். வழக்கு விசாரணைக்கே வராததால், கொன்றது யார் என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. 2022 அக்டோபர் 13 அன்று அதே தடத்தில், பரங்கிமலை நிலையத்தில், கல்லூரி மாணவி ஒருவர் ஓடிவரும் ரயில் முன்னால் தள்ளிக் கொல்லப்பட்டார். தன்னை வேண்டாம் என்ற பெண் மீது ஓர் ஆணுக்கு வந்த ஆத்திரம் அது. 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது.

இந்தக் கொலைகளையும் ஒரு கார்ட்டூன் சிறுமியையும் ஒரே மூச்சில் பேசலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேசித்தான் ஆக வேண்டும். ‘நான் என்ன செய்தேன், தூரத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதானே’ என்பதுதான் பின்தொடரும் ஆண்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பதில். அந்தப் பதில் எப்போது உண்மை, எப்போது சாக்கு என்று பிரித்துப் பார்க்க ஹினாட்டா நமக்கு உதவுகிறாள்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354 டி என்று சேர்க்கப்பட்ட பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78-ஆவது பிரிவாக இருக்கிறது. ஒரு பெண் விருப்பமில்லை என்பதைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவரைப் பின்தொடர்ந்து, நெருங்கிப் பழகத் திரும்பத் திரும்ப முயன்றால் குற்றம். முதல் முறை மூன்றாண்டு வரை சிறை, மறுபடியும் செய்தால் ஐந்தாண்டு வரை. இதன்படி ஹினாட்டா குற்றவாளி அல்ல. அவள் பெண் என்பதை ஒதுக்கிவைத்தாலும், நருட்டோ எதையும் மறுக்கவில்லை, அவளும் எதையும் வற்புறுத்தவில்லை.

ஜப்பானியச் சட்டம் ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை. அந்தச் சட்டம் பிறந்த கதை நமக்கு அந்நியமானதும் இல்லை. நருட்டோ இதழில் வரத் தொடங்கிய அதே 1999-இன் அக்டோபரில், சைத்தாமா மாகாணத்து ஒகேகாவா ரயில் நிலையத்தின் எதிரே 21 வயது கல்லூரி மாணவி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். முன்னாள் காதலனும் அவன் கூட்டமும் தரும் தொல்லை பற்றி அவரும் பெற்றோரும் காவல் நிலையத்துக்குப் போய் முறையிட்டிருந்தார்கள். நிலையத்தார் அசட்டையாக இருந்ததோடு ஆவணத்தையும் திருத்தியது பின்னால் வெளியே வந்தது. நாடே கொதித்தது. 2000-இல் தனிச்சட்டம் வந்தது. பின்னால் வருவது, வழியில் காத்து நிற்பது, வீட்டருகே நின்று கண்காணிப்பது எல்லாம் அதில் அடக்கம். பார்க்கப்படுபவரின் பாதுகாப்புக்கும் நிம்மதிக்கும் அச்சம் வரும்படி அது நடந்ததா என்பதே அந்தச் சட்டத்தின் அளவுகோல். பார்ப்பவர் மனசு எவ்வளவு வெள்ளை என்று அது கேட்பதில்லை. அதுதான் சரியான அளவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

ஹினாட்டா ஆணாக இருந்திருந்தால் இப்படிப் பரிந்து பேசுவோமா என்று சிலர் மடக்குவார்கள். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், கூடப் படிக்கும் பெண்ணை மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு ஓடிப்போனால் அவனையும் குற்றவாளி என்று சொல்லமாட்டேன். அவனே இருபது வயதில், அவள் இறங்கும் நிலையத்தில் தானும் இறங்கி நின்றால் என் பதில் வேறு. வயதும் உடல் வலுவும் கூடக்கூட, அதே பார்வையில் மற்றவருக்கு வரும் பயமும் கூடுகிறது. அந்தத் தொடரின் மீது கோபப்பட வேண்டும் என்றால் ஜிராய்யா மீது கோபப்படுங்கள். நாவல் எழுத ‘ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டு பெண்கள் குளிப்பதை எட்டிப் பார்க்கும் கிழவர் அவர். நம் சட்டத்தில் அது 77-ஆவது பிரிவு. தொடரிலோ அது நகைச்சுவைக் காட்சி. கூச்சப்படும் சிறுமியை வருடக்கணக்கில் குற்றக்கூண்டில் நிறுத்தி விசாரிக்கிற ரசிகர்கள், அவரைச் சிரித்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

இந்த வித்தியாசம் தமிழுக்குப் புதிதல்ல. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று தனியாக எடுத்துவைத்தது தொல்காப்பியம். எதிர்மொழி கிடைக்காமலே பேசி இன்புறும் நிலை அது. முத்தொள்ளாயிரத்தில் மூவேந்தர் உலா வரும்போது கதவுத் துளையில் கண்ணை வைத்து உருகும் பெண்களும், கதவை அடைக்கும் தாய்மாரும் வருகிறார்கள். ஹினாட்டாவுக்கு அவர்கள்தான் மூத்த அக்காமார். யானை மேல் போகும் அரசனுக்கு அந்தப் பார்வையால் ஒரு கேடும் இல்லை. மடலேறுதல் இதிலிருந்து வேறு. விரும்பிய பெண்ணை அடைய, பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, அவள் படத்தைக் கையில் பிடித்துத் தெருவே பார்க்க வருவது. அவளையும் அவள் வீட்டாரையும் ஊர்ப்பேச்சால் நெருக்கிப் பணியவைக்கும் வழி அது. மடலேறுவேன் என்று சொல்வதோடு நிற்பதை அன்பின் எல்லைக்குள் வைத்த தொல்காப்பியர், உண்மையிலேயே ஏறிவிட்டதைப் பொருந்தாக் காமமான பெருந்திணையில் தள்ளினார்.

பெண்கள் மடலேறக்கூடாது என்பது பழைய விதி. மாமல்லபுரத்துத் தலசயனப் பெருமாளைப் பாடிய திருமங்கையாழ்வார் அந்த விதியையும் மீறினார். தன்னையே பெண்ணாக வைத்து, பெருமாளுக்காக மடலேறுவேன் என்று சிறிய திருமடலும் பெரிய திருமடலும் பாடினார். தென்னாட்டு மரபு தடுத்தால் வடநாட்டு வழியில் போவேன் என்கிறாள் அந்தப் பெண். எதிரே இருப்பவன் கடவுள் என்பதால்தான் அந்த மிரட்டல் பக்தியாகிறது. மறுக்கவும் பயப்படவும் கூடிய ஒரு மனுஷியிடம் அதே காரியம் செல்லாது.

நம் சினிமா இந்தக் கோட்டை அழித்தே பிழைத்தது. 1991-இல் வந்த ‘இதயம்’ படத்தில் முரளி, சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமலே தவித்தார். அந்தக் கூச்சத்தைத் தமிழ்நாடு மனசார நேசித்தது. ஆனால் வசூலில் நிலைத்தது வேறொரு நாயகன். மறுத்தாலும் விடாதவன், பஸ்ஸில் வருபவன், வாசலில் நிற்பவன். நுங்கம்பாக்கம் கொலை நடந்த அதே 2016-இன் அக்டோபரில் வெளியானது ‘ரெமோ’. நிச்சயமான ஒரு பெண்ணை அடைய நர்ஸ் வேடம் போட்டு அவள் கூடவே இருக்கும் ஒருவன்தான் அதில் நாயகன். அரங்கம் கைதட்டியது.

அந்த நாயகன் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். எத்தனை நாள் பின்னால் வந்தேன், எத்தனை மழையில் நனைந்தேன், எத்தனை பேரிடம் அடி வாங்கினேன் என்று எழுதிக்கொண்டே போகிறான். கடைசியில் அத்தனையும் அவள் தீர்க்க வேண்டிய கடனாகிறது. அவள் தீர்க்க மறுத்தால் அவள்தான் ஏமாற்றுக்காரி. ஒருதலைக் காதல் குற்றமாவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. வழக்குகளில் வரும் ஆண்கள் பலரும் தங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகவே நினைத்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

ஹினாட்டாவிடம் அப்படி ஒரு நோட்டு இல்லை. பெயின் என்ற எதிரி நருட்டோவைத் தரையோடு குத்தி வைத்திருக்கும்போது, தோற்பது உறுதி என்று தெரிந்தே அவள் குறுக்கே பாய்கிறாள். காதலிக்கிறேன் என்று அப்போதுதான் முதன்முதலாகச் சொல்கிறாள். இது நானாக எடுத்த முடிவு என்று சொல்லிவிட்டு அடிபட்டு விழுகிறாள். பிழைத்தெழுந்த பிறகு, ‘சொன்னேனே, பதில் எங்கே’ என்று கேட்டு அவள் ஒரு நாளும் அவன் முன் நிற்கவில்லை. நருட்டோவும் பதில் சொல்வதில்லை. 2014-இல் வந்த ‘தி லாஸ்ட்’ திரைப்படத்தில்தான் அவனுக்கு அது உறைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவனைப் பார்த்துப் பார்த்து மாறியவள் அவள்தான். எத்தனை முறை விழுந்தாலும் எழும் பையனைப் பார்த்தவள், தன்னைத் தோற்கவே பிறந்தவள் என்று இகழ்ந்த ஒன்றுவிட்ட அண்ணன் நெஜியின் முன்னால் ரத்தம் கக்கியபடி மறுபடி மறுபடி எழுந்து நிற்கிறாள். அந்தப் பார்வையால் அவன் வாழ்க்கையில் ஒரு அங்குலமும் குறையவில்லை.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் புல்தரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்தால் குறைகிற பக்கம் தெரியும். நாலு இளைஞர்கள் செல்போனைக் கோபுரத்துக்கு நேரே பிடித்திருப்பார்கள். திரையில் இருப்பது கோபுரம் அல்ல, மணலில் நிற்கும் யாரோ ஒரு பெண். இரண்டு விரலால் ஜூம் செய்வார்கள். அவளுக்குத் தெரிந்துவிட்டால் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு தோழியின் மறுபக்கம் போய் நிற்பாள். கடலைப் பார்க்க வந்தவள் கடலுக்கு முதுகு காட்டி நிற்பாள். ‘நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று அவர்கள் சொல்வது பொய். அவளுடைய ஒரு மாலைப்பொழுதை எடுத்துக்கொண்டார்கள்.

மறைந்திருந்து பார்ப்பதைக் குற்றமாக்க மறுப்புச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்ற இடமும் சட்டத்தில் இருக்கிறது. அதே 78-ஆவது பிரிவின் இன்னொரு பகுதி, ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல், மின்னணுத் தொடர்புகளை ஓர் ஆண் கண்காணிப்பதைப் பற்றியது. அதற்கு அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எல்லோரும் பார்க்கப் போட்ட படத்தைப் பார்ப்பது குற்றமல்ல. போலிக் கணக்கில் நட்பாகி உள்ளே நுழைவது, கடவுச்சொல்லைத் தெரிந்துகொண்டு செய்திகளைப் படிப்பது, இருக்கும் இடத்தைச் செயலியில் பின்தொடர்வது வேறு சங்கதி. இன்றைய பியாகுகான் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளைப் பெற்றவர்கள் இதை வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

சட்டம் தடுமாறுவது முதல் பகுதியில்தான். ‘தெளிவாகக் காட்டிய பிறகும்’ என்ற சொற்களில், தெளிவுபடுத்தும் சுமை முழுக்கப் பெண் தலையில் ஏறுகிறது. காலை ஆறரை மணிக்கு, ஆளரவமற்ற நடைமேடையில், முன்பின் தெரியாத ஆணிடம் போய் ‘எனக்கு இஷ்டமில்லை’ என்று எந்தப் பெண் சொல்வாள்? அவள் செய்வது வேறு. நேற்று நடுப்பெட்டியில் ஏறியவள் இன்று மகளிர் பெட்டிக்கு ஓடுவாள். 6.40 ரயிலை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பாள். பரனூரில் இறங்க வேண்டியவள் சிங்கப்பெருமாள் கோவிலில் கூட்டத்தோடு இறங்கி ஷேர் ஆட்டோவில் வருவாள். இத்தனையும் மறுப்புதான். இதைவிடத் தெளிவாக ஓர் உடம்பு எப்படிச் சொல்லும்?

எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருவரின் சாவுக்குப் பிறகு 1998-இல் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச்சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, தொல்லை கொடுப்பவர் அந்தப் பெண்ணைத் தொடர்புகொள்ளவே கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு உத்தரவுக்கும் அதில் இடம் வைத்தார்கள். ஒகேகாவாவில் இல்லாமல் போனதும், நுங்கம்பாக்கத்தில் இல்லாமல் போனதும் இந்த நடுப்படிதான். ஆனால் செங்கல்பட்டில் குடியிருந்து, தாம்பரத்தில் தொல்லைப்பட்டு, கிண்டியில் வேலை பார்க்கும் பெண் அந்த உத்தரவைக் கேட்டு எந்தப் படி ஏறுவார்? ஒரு நிலையம் இன்னொரு நிலையத்தைக் கைகாட்டக்கூடாது. அவர் இறங்கும் ரயில் நிலையத்துக் காவலரே மனுவை வாங்கி அனுப்ப வேண்டும். எழுதிக்கொள்பவர், ‘வேண்டாம் என்று வாயால் சொன்னாயா அம்மா’ என்று கேட்பதை விட்டு, எந்தத் தேதியில் எந்த ரயிலை விட்டார், எந்தப் பெட்டிக்கு மாறினார் என்று கேட்டு அதையே விருப்பமின்மைக்குச் சான்றாகப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.