வாரத்தில் இரண்டு காலைப்பொழுது



மண்டி நடத்தும் நமக்குச் சரக்கு இரண்டு வகை. இருப்பு வைத்தால் விலை ஏறக்கூடியது ஒன்று. நாள் கடந்தால் விலையே இல்லாமல் போவது மற்றொன்று. எதை வைத்திருக்கலாம், எதை உடனே தள்ளிவிட வேண்டும் என்பது கடைக்கு வந்த ஆறாம் மாதத்திலேயே பையன்களுக்குப் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் வீட்டில் வளரும் குழந்தையின் விஷயத்தில் மட்டும் "பொறுத்துப் பார்ப்போம்" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். பேச்சு வரவில்லையா? "அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்." உட்காரவில்லையா? "குண்டுப் பிள்ளை, மெதுவாத்தான் உக்காரும்." கூப்பிட்டால் திரும்பவில்லையா? "விளையாட்டு மும்முரம்." இப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு, மூன்று வருடங்கள் ஓடிவிடுகின்றன. அந்த வருடங்கள்தான் குழந்தைக்கு மிகவும் தேவைப்பட்ட வருடங்கள்.

வரி, உரிமம், எடை அளவை பற்றியே எழுதும் நம் இதழில் இது என்ன புதுச் செய்தி என்று அன்பர்கள் கேட்கலாம். கடை முதலாளிகளாகிய நமக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல; எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திப் பருப்பு மண்டியில் உட்கார்ந்தவன். மருத்துவம் பற்றி நான் இங்கே சொல்வன எல்லாம் குழந்தை மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் பொதுவாகச் சொல்லி வருபவையே.

குழந்தையின் மூளை முதல் சில ஆண்டுகளில்தான் மிக விரைவாக வளர்கிறது. 3 வயதுக்குள் பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தையும், 5 வயதுக்குள் ஏறத்தாழ 90 சதவீதத்தையும் எட்டிவிடுகிறது. ஒரு பாதையில் தடை இருந்தால் வேறு பாதையைப் பழகிக்கொள்ளும் சக்தியும் அந்த வயதில்தான் அதிகம். ஆறு வயதுக்கு மேல் பயிற்சி கொடுத்துப் பயனில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வயதில் ஆறு மாதத்தில் வரக்கூடிய பழக்கத்துக்கு எட்டு வயதில் பல வருடம் பாடுபட வேண்டியிருக்கும்.

கவனிக்க வேண்டியவை அதிகம் இல்லை. 4 மாதத்தில் தலை நிற்க வேண்டும். 9 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்கார வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். வேண்டியதைக் கையால் காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் நடக்க வேண்டும். ஒன்றிரண்டு சொல்லாவது பேச வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும். இவற்றில் ஒன்று தப்பினால் குழந்தைக்குக் குறை இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. டாக்டரிடம் காட்டும் நேரம் வந்துவிட்டது என்று மட்டுமே பொருள்.

காது கேட்பதற்கு உலகம் முழுவதும் ஒரு கெடு வைத்திருக்கிறார்கள். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். பில்லுக்கு 30 நாள், 60 நாள் என்று கெடு வைத்துத் தேதி தவறாமல் ஆள் அனுப்பும் நமக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகாது.

வழி தெரியாமல் திண்டாட வேண்டிய நிலையும் இன்று இல்லை. மத்திய அரசின் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது. அதன்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். சந்தேகம் உள்ள குழந்தைகளை மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இந்த மையம் இருக்கும். குழந்தை மருத்துவர், உடற்பயிற்சி சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர் ஆகியோரை ஒரே இடத்தில் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. தமிழக அரசு உலக வங்கி உதவியுடன் நடத்தும் உரிமைகள் திட்டத்தின் கீழ் "விழுதுகள்" என்ற பெயரில் மறுவாழ்வு சேவை மையங்களும் வந்துள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005-லிருந்து இயங்குகிறது.

தொண்டு நிறுவனங்களும் நம் மாநிலத்தில் இதில் முன்னோடிகள். சென்னையில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில், தாயார் குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சியைக் கற்று வீட்டில் தொடர்ந்து செய்வதே முறை. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயல் இழந்தவர் அவர். அந்தச் சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போகிறார்கள். குழந்தையின் நிலையைக் கைக்கணினியில் பதிகிறார்கள். நிபுணர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். அவருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இத்தனை இருந்தும் குழந்தைகள் ஏன் வந்து சேர்வதில்லை? அறியாமை ஒரு காரணம். வெட்கம் ஒரு காரணம். மூன்றாவது காரணம் நேரம். அந்த நேரம் நம் கையில் இருக்கிறது.

இந்தச் சிகிச்சை ஊசி போட்டு முடிகிற காரியம் அல்ல. வாரத்துக்கு ஓரிரு முறை மையத்துக்குப் போக வேண்டும். அங்கே கற்றதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் செய்ய வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் காலை நேரத்தில்தான் பார்ப்பார்கள். நம் கடைகளிலோ லாரி வந்து நிற்பதும், சரக்கு இறங்குவதும், வெளியூர் வியாபாரிகள் வருவதும் அதே காலையில்தான். நமக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. மையத்துக்கும் அன்றுதான் விடுமுறை. நம் கடையில் வேலை பார்க்கும் தகப்பன் எந்த நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான்? ஒரு நாள் சம்பளத்தை இழந்து ஒரு முறை போவான். இரண்டாம் முறை போவான். மூன்றாம் முறை முதலாளியிடம் கேட்கத் தயங்கி நின்றுவிடுவான். தாய் தனியாக இரண்டு பஸ் மாறி எத்தனை நாள் தூக்கிக்கொண்டு அலைவாள்?

எங்கள் கிட்டங்கியில் வேலை பார்க்கும் ஒருவரின் பெண் குழந்தை பதினொரு மாதமாகியும் உட்காரவில்லை. மூளை முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். "அண்ணாச்சி, அந்த ரெண்டு நாளும் பதினோரு மணிக்கு வந்துடுறேன், சம்பளத்தப் பிடிச்சுக்கோங்க" என்றார். பிடிக்கவில்லை. அந்த இரண்டு காலையும் லாரி வந்தால் இறக்குவதற்கு மற்ற ஆட்களை மாற்றி அமைத்தோம். தகப்பனும் தாயும் சேர்ந்தே போனார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவது, எப்படி உட்கார வைப்பது, எந்தப் பக்கம் விளையாட்டுச் சாமானை வைத்தால் கையை நீட்டும் என்றெல்லாம் இருவரும் கற்றுக்கொண்டார்கள். இன்று அந்தக் குழந்தைக்கு மூன்றரை வயது. நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கிறாள், அங்கன்வாடிக்குப் போகிறாள், தன் கையால் சாப்பிடுகிறாள். பூரணமாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தூக்கி வைத்த இடத்திலேயே கிடக்க வேண்டிய நிலை வரவில்லை என்று மட்டும் சொல்வேன்.

எனக்கு இதில் ஆன செலவு என்ன? மாதச் சம்பளம் 18,000 ரூபாய். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்று கணக்குப் போட்டால் மாதத்துக்குச் சுமார் 2,000 ரூபாய். ஒரு மூட்டை துவரம்பருப்பின் விலையில் பாதிகூட இல்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகு வேறு கடைக்குப் போக நினைக்கவும் இல்லை. பழகிய ஆள் ஒருவர் நிலைத்து நிற்பதன் அருமை இன்றைய ஆள் தட்டுப்பாட்டில் நமக்கெல்லாம் தெரிந்ததே.

"ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சிலர் சொல்வார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையில் பயிற்சி நாள் குறித்திருக்கும். அதைப் பார்த்துக் கொடுக்கலாம். அந்த அட்டைக்காக யாரும் பொய் சொல்லப் போவதில்லை. "நான் ஒற்றை ஆளை வைத்துக் கடை நடத்துகிறேன்" என்பவரின் சிரமம் வேறு. அங்கேதான் சங்கம் வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் இரண்டு மணி நேரம் ஆள் கொடுத்தால் போதும். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் நாம் ஒருவருக்கொருவர் இதைச் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

இனி நம் சொந்த வீடுகளைப் பற்றி. தொழிலாளிக்கு இல்லாதது நேரம் என்றால், நம்மில் பலருக்கு இல்லாதது வாய் திறந்து சொல்லும் துணிவு. வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருப்பது வெளியே தெரிந்தால் மூத்தவளுக்கு வரன் அமையாது என்று பயந்து, விசேஷங்களுக்குக்கூட அழைத்து வராமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. "கல்லாவில் உட்காரத் தேறுவானா?" என்ற ஒரு கேள்வியை வைத்தே பேரனை எடை போடும் பெரியவர்களும் உண்டு. பழி முழுவதும் மருமகள் தலையில் விழுகிறது. நாம் இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து வீடு திரும்பும்போது குழந்தை தூங்கிவிடுகிறது. அந்தப் பெண் நாள் முழுவதும் தனியாகத் தவிக்கிறாள். பணம் இருக்கும் இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆட்டிசத்தை அடியோடு போக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் வாங்குபவர்கள் தேடி வருவார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. பயிற்சியும், வீட்டார் அனைவரின் ஒத்துழைப்புமே வழி.

சட்டமும் சலுகையும் பற்றி ஒரு வார்த்தை. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக்கியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. அறிவுசார் குறைபாடு உடையோருக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய் ஆனது. நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு, சான்றிதழ் பெற்ற பிள்ளையின் பராமரிப்புக்காக 75,000 ரூபாயும், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழிவு கிடைக்கும். ஆடிட்டரிடம் கேளுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் கேளுங்கள். குழந்தையை மறைத்து வைத்தால் இவற்றில் எதுவும் கிடைக்காது.

நம் சங்கத்தின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, பயிற்சி அட்டை உள்ள குழந்தையின் தாய் அல்லது தகப்பன் நம் கடைகளில் வேலை பார்த்தால், வாரத்தில் இரண்டு காலைப்பொழுது சம்பளப் பிடித்தம் இல்லாமல் விட வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து வந்து குடும்பத்தோடு இருப்பவர்களுக்கும் இது பொருந்த வேண்டும். இரண்டாவது, மேலே சொன்ன வயதுக் கணக்கைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பில் போடும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் வாரம் ஒரு முறையாவது ஏதாவது ஒரு மளிகைக் கடைக்கு வந்து போகிறார்கள். இதைவிடச் சிக்கனமான விளம்பரம் கிடையாது. மூன்றாவது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கட்டடத்தில் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று மாவட்ட மையத்துக்கும் கலெக்டருக்கும் மனு கொடுக்க வேண்டும். இடமும், மின்விசிறியும், வருகிறவர்களுக்குச் சாப்பாடும் நம் பொறுப்பு.

அடுத்த பொதுக்குழுவில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய முன்வரும் அன்பர்கள் அதற்கு முன்பாகவே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.