நின்றதா, முடங்கியதா?

கிளிவெட்டியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் வரைந்திருக்கிறார். தம்முடைய ஆங்கிலக் கட்டுரைத் தாளையும் அதனுடன் இணைத்திருக்கிறார். 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இன்றித் தம் ஊர் பட்ட பாட்டைப் பற்றியது அக்கட்டுரை. அதிலே ஒரு வாக்கியம்: ‘தி வில்லேஜ் கேம் டு எ கிரைண்டிங் ஹால்ட்.’ உபாத்தியாயர் ‘கிரைண்டிங்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘சடன்’ என்று எழுதியிருக்கிறார். ‘அரைக்கின்ற நிறுத்தம் என்று ஒன்று உண்டா?’ என்று ஓரத்தில் ஒரு கேள்வியும் இருக்கிறது. “புள்ளி போனது போகட்டும். நாங்கள் கண்டதைத்தான் எழுதினேன். யார் சொல்வது சரி?” என்று கேட்கிறார் மாணவர்.

அரைக்கின்ற நிறுத்தம் என்று ஒன்று உண்டு. நமது அடுக்களையிலே அது நாள்தோறும் நிகழக்கூடியது. மாவு இறுகிவிட்டால் கிரைண்டரின் குரல் மாறுவதைத் தாய்மார் அறிவர். முதலில் ஒரு முனகல், பின் சுழற்சி தளரும், கல்லோடு கல் உராயும், கடைசியில் நிற்கும். பற்சக்கரங்களுக்கிடையே மணல் புகுந்த யந்திரமும் இப்படித்தான் நிற்கிறது. ஓடிக்கொண்டிருந்த பொருள் தன் உறுப்புகளே ஒன்றையொன்று தேய்க்க, ஓட மாட்டாமல் நின்றுபோவதையே இத்தொடர் குறிக்கிறது.

ஆங்கிலேயர் நிற்றலில் பல வகை கண்டவர்கள். பஸ் வண்டி வேகமாக வருகிறது. எருமைக் கூட்டம் ஒன்று வீதியின் குறுக்கே இறங்கிவிடுகிறது. சாரதி பிரேக்கை அழுத்த, டயர் கிறீச்சிட்டு வண்டி நிற்கிறது. இது ‘ஸ்க்ரீச்சிங் ஹால்ட்’. வயல்வரம்பில் மாலை மங்கும் வேளையில் நடந்து செல்லும் ஒருவர், எதிரே காட்டுயானையைக் கண்டு ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுகிறார். அவர் ‘ஸ்டாப்ட் டெட் இன் ஹிஸ் ட்ராக்ஸ்’. ட்ராக் என்பது இங்கே காலடிச் சுவடு. வைத்த அடியிலேயே உறைந்து நின்றார் என்பது கருத்து. இது உயிருள்ளவற்றுக்கே சிறப்பாகப் பொருந்துவது.

அடைமொழி எதுவும் வேண்டாத நிற்றலும் உண்டு. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் தரைவழியே செல்லும் வாகனங்கள் கிண்ணியாத் துறையிலே காத்து நிற்கும். வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டையான மிதவைக்குக் கிழக்கிலங்கையார் ‘பாதை’ என்றே பெயர் வைத்திருந்தனர். வீதி முடியும் இடத்தில் பாதை தொடங்கும்! அங்கே பஸ் நிற்பது யாவரும் எதிர்பார்த்த ஒன்று. ஆகவே ‘கேம் டு எ ஹால்ட்’ என்றாலே போதும். கிறீச்சும் வேண்டாம், அரைப்பும் வேண்டாம்.

இனி வழக்குக்கு வருவோம். உபாத்தியாயர் பக்கமும் சிறிது நியாயம் உண்டென்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அகராதிகள் இவ்விடயத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. ‘கிரைண்ட் டு எ ஹால்ட்’ என்று வினையாக வரும்போது, மெல்ல மெல்லத் தளர்ந்து நிற்பது என்றே பொதுவாகப் பொருள் கூறுவர். ‘கிரைண்டிங் ஹால்ட்’ என்று பெயராக வரும்போதோ, முடியவேண்டிய காலத்துக்கு முன்பே சடுதியாக நின்றுவிடுவது என்று சொல்வாரும் உளர். ஆயின் இரண்டிலும் உராய்வு இருக்கிறது. ‘சடன்’ என்னும் சொல்லிலே அது இல்லை.

இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் இவ்வேற்றுமை விளங்கும். 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு, பெருந்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. காலையிலே சந்தை கூடிற்று. மாலையிலே தெரு வெறிச்சோடிற்று. அது ‘சடன் ஹால்ட்’. கட்டளையினால் வந்த நிறுத்தம். ஹால்ட் என்ற சொல்லே ஜெர்மானியப் படைகளின் கட்டளைச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததுதான்.

2022இன் கதை வேறு. அதன் தொடக்கம் 2021 மே மாதத்திலேயே இருக்கிறது. இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு வயல்கள் வெளிறின. தடை அவ்வாண்டு நவம்பரிலே நீக்கப்பட்டும், உரத்தின் விலை எளியோர் கைக்கு எட்டவில்லை. அடுத்து அந்நியச் செலாவணி வற்றியது. டீசலுக்கு வரிசை; பெற்றோலுக்கு வரிசை; மண்ணெண்ணெய்க்கு வரிசை. மாணவர் தம் கட்டுரையில் எழுதியிருப்பதைக் கேளுங்கள்: முதலில் உழவு யந்திரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடிற்றாம், பிறகு வாரத்தில் ஒரு நாள், பிறகு மாமரத்தடியில் நின்றுவிட்டதாம், அதன்மேல் கோழிகள் ஏறி உறங்கினவாம். ஆசிரியர்கள் பாதிப்பேர் வரவில்லை. பின் பாடசாலையே நடக்கவில்லை. ஜூன் 28ஆம் திகதி முதல் ஜூலை 10ஆம் திகதி வரை, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் விற்கப்படமாட்டாது என்று அரசாங்கம் அறிவித்தது. அன்று நின்றது, பல மாதங்களாக அரைபட்டு அரைபட்டு வந்த ஒன்று.

இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கத்திலே மாணவரின் ஊர். அந்தப் பக்கத்திலே சீனன்குடாவில், பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள். அவற்றுள் பெரும்பாலானவை பல்லாண்டுகளாகப் பயன்படாமல் காட்டுக்குள்ளே நிற்கின்றன. 2022 ஜனவரியிலேதான் அவற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள்: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இருவரும் சேர்ந்த கம்பெனிக்கு 61. ஆறு மாதம் கழியுமுன், அதே மாவட்டத்து மக்கள் கையில் வெற்றுக் கலனோடு வரிசையில் நின்றார்கள்.

தமிழிலே இதனை எப்படிச் சொல்வது? பத்திரிகைகள் வழக்கமாக ‘நாடு ஸ்தம்பித்தது’ என்று எழுதுகின்றன. ஸ்தம்பம் என்றால் தூண்; தூண் போல் நிற்பது ஸ்தம்பித்தல். யானையைக் கண்டவருக்கு அது மிகப் பொருத்தம். கிரைண்டிங் ஹால்ட்டுக்கு ‘முடங்கிற்று’ என்பதே தக்கதென்பது நம் அபிப்பிராயம். கை ஓய்ந்து, கால் ஓய்ந்து, இனி இயலாது என்று மடங்குவது முடங்குதல். வேடிக்கை என்னவென்றால், முடம் என்ற பொருளிலே பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்ட்’ என்று வேறொரு சொல்லும் இருந்தது. வேர் வேறு, ஒலி ஒன்று.

பிரயோகத்தில் ஓர் எச்சரிக்கை. ‘கிரைண்ட்’ என்பதன் இறந்தகாலம் ‘கிரவுண்ட்’. நிலத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே என்று மயங்கி, ‘கிரைண்டட்’ என்று எழுதிவிடக் கூடாது. நம் மாணவர் இரண்டாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அங்கே விழுந்த சிவப்புக் கோடு நியாயமானதே. முதற்பக்கத்துக் கோட்டை மட்டும் அழித்துவிடலாம். இப்பகுதியை உபாத்தியாயரிடம் பணிவோடு காட்டுக.

கடைசிப் பந்தி ஒன்று இருக்கிறது. மாணவரின் அம்மம்மா சம்பூர்ப் பக்கத்தவர். 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமிலே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. அம்மக்களில் பலருக்கு 2015க்குப் பின்னரே சொந்த நிலம் திரும்பிற்று. ‘மை கிராண்ட்மதர்ஸ் லைஃப் கேம் டு எ கிரைண்டிங் ஹால்ட்’ என்று அதையும் அதே தொடரால் முடித்திருக்கிறார் மாணவர். உபாத்தியாயர் அதைத் தொடவில்லை. நாமாயின் அதைத்தான் அடித்திருப்போம். இலக்கணப் பிழை அன்று. எரிபொருள் வரிசைக்கும் பொருந்துகிற சொல், அம்மம்மாவின் அந்த ஆண்டுகளுக்குப் போதாது. மேலும், அம்மம்மாவின் வாழ்வு நிற்கவும் இல்லை. முகாமிலே அவர் சமைத்திருப்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியிருப்பார், தண்ணீருக்கு நின்றிருப்பார். எந்த நாளில் வீட்டை விட்டார், கையிலே எதை எடுத்துக்கொண்டார், கொட்டிலுக்குக் கூரையாக எது இருந்தது, திரும்பிச் சென்ற அன்று கிணறு எப்படிக் கிடந்தது என்று அவரிடமே கேட்டு, மரபுத்தொடர் எதுவுமின்றிச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதிப் பார்க்கட்டும். எழுதியதை நமக்கு அனுப்பினால், ஆங்கிலத்தில் பிழை இருந்தால் திருத்தித் தருவோம்.