நமக்கும் இலை போட்டிருப்பாங்களா?

போன லீவுல குடும்பத்தோட பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனோம். தக்கலை பக்கம். இடம் நம்ம கன்னியாகுமரி மாவட்டம், பராமரிப்பு கேரள அரசு. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த இடம்.

சின்னப் பசங்களோட போக அருமையான இடம் மக்களே. ஏசி இல்லாமலே குளுகுளுன்னு இருக்கும் மந்திரசாலை, கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருப்புத் தரை. மெக்கானிக்கல்காரனுக்கு மணிக்கூண்டு, சிவில்காரனுக்கு மரவேலை.

அப்புறம் ஊட்டுப்புரை. ரெண்டு தளம், தளத்துக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடலாமாம். எல்லாரும் "யப்பா!"ன்னு செல்ஃபி எடுத்துட்டு இருந்தப்போ, ஆறாம் வகுப்பு படிக்கிற சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, அப்ப நாம வந்திருந்தா நமக்கும் இலை போட்டிருப்பாங்களா?"

இல்லை. அந்த அன்னதானம் பிராமணர்களுக்கானது. அங்க இருக்கிற தூணைச் செதுக்கின தச்சனுக்கே அந்தப் பந்தியில இடம் கிடையாது.

"டூர் வந்த இடத்துல இதெல்லாம் எதுக்குடா?"ன்னு மாமா கேட்டார். ராஜா காலத்தோட முடிஞ்ச கதைன்னா விட்டிருப்பேன். ஆனா நம்ம சேரன்மகாதேவியிலேயே 1922-ல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்விக்காக காங்கிரஸ் பணமும் கொடுத்தது. சுதந்திரத்துக்காக உயிரைப் பணயம் வச்ச மனுஷன் நடத்தின அந்த இடத்துலயும் ரெண்டு பிராமண மாணவர்களுக்குத் தனிச் சாப்பாடு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தாங்க; தமிழ்நாடே ரெண்டுபட்டது. 1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினதுக்கு இதுவும் ஒரு காரணம். நூறு வருஷம்தான் ஆகுது.

அதனால நான் சொல்றது இதுதான். அரண்மனையை ரசிக்கக் கூடாதுன்னு இல்ல, நல்லா ரசிங்க. ஆனா தம்பி, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போனா ஊட்டுப்புரையில ரெண்டு நிமிஷம் கூட நின்னு, இங்க யார் சாப்பிட்டாங்க, யார் சாப்பிடலைன்னும் சொல்லுங்க. சின்னப் பசங்களுக்குப் புரியாதுன்னு நாமளா நினைச்சுக்கிறோம். அந்தக் கேள்வியை முதல்ல கேட்டதே ஒரு சின்னப் பையன்தான்.

நம்ம ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைத் தினமும் திட்டுறோம். திட்டுங்க, தப்பில்ல. ஆனா பக்கத்துல உட்கார்றவன் யாருன்னு கேக்காம உட்கார்றோம் பாருங்க, அது யாரோ சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தது.

(திங்கட்கிழமை அரண்மனை லீவு. பாத்துப் போங்க!)